சதுர்த்தசி முதல் சதுர்த்தசி வரை: பாத யாத்திரைக்கு உடலைப் பழக்குதல்

கயிலையைக் காண வேண்டும் என்ற பேரவாவுடன் புறப்பட்ட திருநாவுக்கரசர், காசியையும் கடந்து சென்றார். பாதங்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் கரைந்தன, மார்பினால் உந்திச் சென்றார். பின்பு உருண்டார். அதற்கும் உடல் இடம் தராதபோது இறைவன் முனிவர் வடிவில் வந்து தடுத்து, அவரது உடலை நலமுறச் செய்து, ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

பாத யாத்திரை செல்லும் அன்பர்கள் இந்த வரலாற்றை அடிக்கடி எடுத்துக்காட்டுவது உண்டு. ‘அப்பர் உருண்டே போனார், நாம் நடக்கக் கூடாதா?’ என்பார்கள். ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்பர் பெருமான் திடீரென்று ஒருநாள் எழுந்து கயிலைக்கு நடந்தவர் அல்லர். திருவதிகை, தில்லை, சீர்காழி, திருவாரூர், காஞ்சி, காளத்தி என்று வாழ்நாள் முழுவதும் நடந்தவர். உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கி உழைத்த மேனி அது. சேக்கிழார் சொல்லும் அந்த நீண்ட வழியில் கன்னட நாடும் அடங்கும். அத்தகைய உடலும் ஓர் எல்லையில் நின்றுவிட்டது. இறைவனும் அதைத் தேய விட்டு வேடிக்கை பார்க்கவில்லை.

இன்று அதே கன்னட நாட்டில், ஆண்டுதோறும் மகா சிவராத்திரியை ஒட்டி, பெங்களூருவிலிருந்து தர்மஸ்தலாவுக்குப் பல்லாயிரம் அன்பர்கள் நடந்து செல்கின்றனர். தமிழ் அன்பர்களும் அவர்களில் உண்டு. நெலமங்களா, குனிகல், சன்னராயபட்டணா, ஹாசன், பேலூர், மூடிகெரே வழியாகச் சென்று, கொட்டிகெஹாராவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பை அடைந்து, சார்மாடி மலைப்பாதையில் இறங்கி, உஜிரேயைக் கடந்து, நேத்ராவதி நதியருகே மஞ்சுநாதரின் சன்னிதியை அடைகின்றனர். மொத்தம் ஏறத்தாழ 300 கி.மீ. வழிநெடுக மோர், பானகம், உணவு வழங்கும் கிராமத்தாரின் அன்பைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த யாத்திரையைப் பலரும் ஒரு வாரம் அல்லது எட்டு நாட்களில் முடிக்கின்றனர். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 40 கி.மீ. இதனைப் பண்டரிபுர வாரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஞானேஸ்வரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து தேய்பிறை அஷ்டமியில் புறப்பட்டு, ஆஷாட வளர்பிறை தசமியில் பண்டரிபுரத்தை அடைகிறது. சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு இரண்டரை வாரம்! இடையில் தங்கும் நாட்களும் உண்டு. சராசரியாக நாளுக்கு 14, 15 கி.மீ. வயல் வேலையில் உரமேறிய வர்க்கரிகளுக்கே பெரியோர் வகுத்த அளவு இது. பதினோரு மாதங்கள் கணினியின் முன் அமர்ந்திருக்கும் நகரவாசியோ அதைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் செல்ல முனைகிறார். காரணம் பக்தியின் மிகுதி அன்று. அலுவலகத்தில் கிடைக்கும் விடுமுறை அவ்வளவுதான்.

விடுமுறையை நீட்டிக்க முடிந்தவர்கள் நீட்டிக்கட்டும். முடியாதவர்கள் உடலைத்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

இதற்குப் பஞ்சாங்கமே ஓர் அழகிய விடை தருகிறது. தீபாவளியன்று நாம் எண்ணெய் முழுக்கு ஆடும் நரக சதுர்த்தசியும், மகா சிவராத்திரியும் தேய்பிறைச் சதுர்த்தசித் திதிகளே. இடையில் சரியாக நான்கு சாந்திர மாதங்கள், அதாவது 118 நாட்கள், ஏறத்தாழ பதினேழு வாரங்கள். எண்ணெய் முழுக்கு ஆடிய மறுநாள் நடக்கத் தொடங்குபவருக்குக் காலம் போதும். தை பிறந்த பின் விழித்துக்கொள்பவருக்குப் போதாது.

ஏன் இத்தனை நாட்கள் என்று கேட்கலாம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். மூச்சு வாங்குவது நின்றதும், ‘நான் தயார்’ என்று மனம் சொல்லும். ஆனால் தசைநார்களும் எலும்புகளும் மெல்லத்தான் வலுப்பெறுகின்றன. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு தரும் நம்பிக்கையில் தூரத்தைச் சட்டென்று கூட்டுபவருக்குத்தான் குதிகால் வலியும், பாத எலும்புகளில் நுண்ணிய விரிசலும் வருகின்றன.

முதல் மாதம் வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு நான்கைந்து கி.மீ. போதும். 240 ஏக்கர் பரந்த லால்பாக் பெங்களூருவாசிகளுக்கு இறைவன் அளித்த பயிற்சிக்கூடம். அங்குள்ள பழம்பாறையின் மேல் ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் மாதம் வாரம் ஒருமுறை 12 முதல் 16 கி.மீ. மூன்றாம் மாதத்தில்தான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது: சனிக்கிழமை 20 கி.மீ., ஞாயிறு காலை மீண்டும் 15 கி.மீ. ஒருநாள் நீண்ட தூரம் நடப்பது எவராலும் இயலும். நேற்றைய வலியோடு இன்று எழுந்து நடப்பதே யாத்திரை; பழக்க வேண்டியது அதைத்தான். நான்காம் மாதத்தில் ஒருமுறை 30, மறுநாள் 20 கி.மீ. நடந்து பார்த்துவிட்டு, புறப்பாட்டுக்கு முந்தைய பத்து நாட்களில் நடையைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் மும்முரமாக நடந்து களைத்துப்போய்ப் புறப்படுவதில் பயனில்லை.

திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் செல்லும் வழக்கமுடையோர், இடைப்பட்ட முதல் மூன்று பௌர்ணமிகளை நல்ல தேர்வாகக் கொள்ளலாம். 14 கி.மீ., அதுவும் இரவில். மறுநாள் காலையில் பாதங்கள் எப்படி இருக்கின்றன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், மூன்றாவது முறையில் முன்னேற்றம் தெரியும்.

இறக்கமே சோதனை

பலர் அறியாத ஒன்று உண்டு. சபரிமலை, திருமலை யாத்திரைகளில் பழகியவர்கள் ஏற்றத்தையே கடினம் என்று எண்ணுகின்றனர். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தர்மஸ்தலா யாத்திரையின் பெரும்பகுதி அந்த மேட்டு நிலத்திலேயே செல்கிறது. பிறகு சார்மாடியில், வளைந்து வளைந்து இருபது கி.மீ.க்கும் மேல் ஒரே இறக்கம். ஆறு நாட்கள் நடந்து களைத்த கால்களுக்கு அது வருகிறது.

ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடைத் தசைகளுக்குப் பெரிய தீங்கில்லை. இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும். தொடையின் முன்பகுதித் தசைகளோ ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்தியபடியே நீள வேண்டியிருக்கிறது. இதில் தசை இழைகள் நுண்ணியதாகச் சேதமடைகின்றன. வலி உடனே தெரியாது. ஓரிரு நாட்களுக்குப் பிறகே உச்சமடையும். கால்விரல்கள் காலணியின் முனையில் மோதி நகங்கள் கறுப்பதும் இறக்கத்தில்தான்.

மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், ஒருமுறை இறக்கத்தில் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சேதத்தை வெகுவாகத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே, புறப்பாட்டுக்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நல்ல இறக்கம் அவசியம். நந்தி மலைப் படிகளோ, சிவகங்கையோ, மைசூரு சாமுண்டி மலையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளோ ஏற்றவை. ஏறி, அம்மனைத் தரிசித்துவிட்டுப் பேருந்தில் இறங்கிவிட்டால் பாதிப் பயிற்சிதான்! வீட்டில் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, ஒரு காலை மெதுவாகத் தரையில் இறக்கி மீண்டும் ஏற்றுவதைத் தினமும் காலுக்குப் பத்து முறை செய்யலாம். எளிய பயிற்சி, வயதானவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செய்ய வேண்டும்.

காலணியும் விரதமும்

வெறுங்காலுடன் நடப்பதாக வேண்டிக்கொள்வோர் பலர். சபரிமலைக்கு மாலையிட்டு 41 நாட்கள் காலணி இன்றி இருக்கும் பக்தரின் பாதத் தோல், அந்த ஒரு மண்டலத்தில் இயல்பாகத் தடித்துவிடுகிறது. நம் முன்னோர் விரதத்தையே பயிற்சியாக அமைத்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பழகாத பாதத்தை, மாசி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் முதல் நாளே வைப்பது வேறு விஷயம். வேண்டுதல் உள்ளவர்கள் நான்கு மாதங்களும் காலையில் மண் தரையில் சிறிது நேரம் வெறுங்காலுடன் நடந்து பழகட்டும். அல்லது உஜிரேயைத் தாண்டிய கடைசிப் பகுதியை மட்டும் அவ்வாறு நடக்கலாம்.

நீரிழிவு உடைய அன்பர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். நீண்டநாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். முள் தைத்ததும், சாலை சுட்டதும், கொப்புளம் உடைந்ததும் தெரியாமலே ஒருநாள் முழுதும் நடந்துவிடுவார்கள். அந்தப் புண் விரலையோ காலையோ இழக்கும்வரை கொண்டுபோய்விடக்கூடும். அவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, நடைநாட்களில் மருந்தின் அளவு குறித்தும் கேட்டறிய வேண்டும். நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று குறைவதுண்டு. பையில் கற்கண்டு இருக்கட்டும். படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்பவர்கள், இதயப் பரிசோதனை முடியும்வரை பயிற்சியைக்கூடத் தொடங்கலாகாது.

குமாரசம்பவத்தில் பார்வதி தேவி கடுந்தவம் இயற்றும்போது, பிரம்மச்சாரி வேடத்தில் வந்த சிவபெருமான், தன் சக்திக்கு உட்பட்டுத்தான் தவம் செய்கிறாளா என்று விசாரித்து, தர்மத்துக்கு முதல் கருவி உடலே என்று நினைவூட்டுவதாகக் காளிதாசர் அமைத்துள்ளார். கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான், சாஸ்திரம் விதிக்காத கொடிய தவத்தால் உடலை வதைப்பவர்களை அசுர உறுதி கொண்டவர்கள் என்றே கூறுகிறார். வேண்டுதலை மாற்றிக்கொள்ள நேர்ந்தவர்கள் இவ்விரண்டையும் எண்ணி மனம் தேறலாம்.

புதுக் காலணி வாங்குவோர் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குக. வலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே நடக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நீர்ச்சத்து குறைந்த உடலில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால் நடையை உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்தது நல்ல பானம் (நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டு அருந்துக).

வெயிலுக்கு அஞ்சி அதிகாலை இருளில் நடப்பவர்கள், எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். காவித் துணி இருட்டில் தெரியாது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வதற்கு எந்த விரதமும் தடையில்லை.

தரிசனம் முடிந்த அன்றிரவே பேருந்தில் ஏறி, ஏழெட்டு மணிநேரம் காலை மடக்கி அமர்ந்து ஊர் திரும்புவோரே மிகுதி. வீங்கிய கால்களுக்கு அது நல்லதன்று. இயன்றால் ஒருநாள் தங்கி, க்ஷேத்திரத்தின் அன்னப்பிரசாதத்தை உண்டு, நன்கு உறங்கி, மறுநாள் மாலை மெல்ல உலாவிவிட்டுப் புறப்படலாம். நான்கு மாதப் பயிற்சித் திட்டத்தை எழுதும்போதே அந்த ஒரு நாளையும் விடுமுறையில் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.