வறண்ட முடிக்கு வீட்டுப் பக்குவம்: இளம் கூந்தல் கலைஞருக்கு ஒரு கடிதம்

கூந்தல் பராமரிப்பில் தொழில் கற்கும் இளம் கலைஞருக்கு,

தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதி மட்டுமே உயிரோடு இயங்குகிறது. அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் முடி நீள்கிறது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனி, ஐந்தாறு ஆண்டுகளாக வெயிலையும் தண்ணீரையும் சீப்பையும் தாங்கி வந்த பகுதி. தோலில் பட்ட காயம் ஆறும். முடியில் பட்ட சேதம் ஆறாது. ஆகவே எந்த வீட்டுப் பக்குவமும் செய்யக்கூடியவை மூன்று: இருக்கும் முடியைக் காப்பது, உராய்வைக் குறைப்பது, புதிதாக வளரும் முடி கெடாமல் பார்த்துக்கொள்வது. இந்த எல்லையை அறிந்த கலைஞரால்தான் வாடிக்கையாளருக்கு நேர்மையான வாக்குக் கொடுக்க முடியும்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். நடுவே இருக்கும் புறணி முடிக்கு வலுவைத் தருகிறது. அதன்மேல் செதில்கள் ஓடு வேய்ந்தது போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. செதிலின் மேற்பரப்பில் இயற்கையாகவே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. அதனால் நல்ல முடியில் தண்ணீர் எளிதில் ஊறாது. பிளீச், சாயம், நிரந்தரமாக நேராக்கும் ரசாயனம், காரம் மிகுந்த சோப்பு ஆகியவை இந்தப் படலத்தை அரிக்கின்றன. படலம் போன முடி தண்ணீரை வேகமாகக் குடித்து உப்புகிறது. வேகமாக இழந்து சுருங்குகிறது. குளியலுக்குக் குளியல் இப்படி உப்பிச் சுருங்குவதால் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. பிறகு முடி சொரசொரப்பாகிச் சிக்குப் பிடிக்கும், நுனி வெடிக்கும்.

வெப்பம் இன்னொரு காரணம். ஈரமான முடியில் நேராக்கும் சூடான கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி ஒடிந்துவிடும். கடினத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீரும் தொல்லைதான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்மையான கசடாக முடியில் படிகின்றன. துண்டால் முறுக்கித் துவட்டுவதும், ஈர முடியை நெருக்கமான சீப்பால் இழுப்பதும் அன்றாடம் நடக்கும் சேதங்கள்.

எதையும் தடவுமுன் முடியைப் பார்க்க வேண்டும். சீப்பில் வந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் ஒடிந்தது. நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஒடிவதுதான் இந்தக் கடிதத்தின் பொருள். அடுத்து, ஈரமான ஒற்றை முடியை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். நல்ல முடி சற்று நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். நீளாமலே அறுந்தாலோ, நீண்டபடியே தொய்ந்து நின்றாலோ சேதம் புறணி வரை போயிருக்கிறது. வெடித்த நுனிக்குக் கத்தரி ஒன்றே வழி. ஒட்ட வைக்கும் எண்ணெயோ பசையோ கிடையாது.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. ரெலே, மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது; முடிக்குள் நுழைய அதற்கு வழி கிடைக்கிறது. எனவே குளிப்பதற்கு முன் எண்ணெய் வைக்கும் வழக்கம் வெறும் சடங்கில்லை: உள்ளே போன எண்ணெய் தண்ணீர் ஊறுவதைக் குறைக்கிறது. நல்லெண்ணெய் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்று வழுவழுப்பைத் தரும். விளக்கெண்ணெய் மிகவும் கெட்டி. தனியாகத் தடவினால் சிக்கு விழும். தேங்காய் எண்ணெயில் சிறிதளவு கலப்பதே போதும்.

குளிப்பதற்கு முந்தைய இரவோ, குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, நடுப்பகுதியிலிருந்து நுனி வரை எண்ணெய் தடவ வேண்டும். பொடுகு உள்ளவரின் தலைத்தோலில் எண்ணெயை ஊற விடக்கூடாது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் உணவாகின்றன. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி சேர்த்துக் காய்ச்சும்போது இலையின் ஈரம் முழுதும் போக வேண்டும். சடசடப்பு அடங்கிய பின், எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்திப் பார்த்தால் வெடிக்காமல் எரிய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும்.

அலசுவதற்குச் சீயக்காயும் அரப்பும் நல்லவை. சீயக்காயில் உள்ள சபோனின் நுரைத்து அழுக்கை எடுக்கிறது. சோப்பைப் போலக் கடின நீரில் கசடாகப் படிவதில்லை. ஆனால் சீயக்காயைத் தனியாக அள்ளித் தேய்த்தால் வறண்ட முடி மேலும் வறளும். பாசிப்பயறு, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி இலை சேர்த்து மில்லில் நைசாக அரைத்து, சலித்து, சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது பழைய பக்குவம். கஞ்சியின் மாவுச்சத்து முடியின்மேல் மெல்லிய பூச்சாக நின்று சிக்கைக் குறைக்கிறது. கொங்குப் பகுதியில் பழகிய அரப்பு, உசில மரத்தின் இலைப்பொடி. குழைத்தால் வழுவழுப்பாக இருக்கும். எந்தப் பொடியும் கண்ணில் படக்கூடாது. சீயக்காய் கடுமையாக எரியும். வெந்நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் தொடங்கிக் குளிர்ந்த நீரில் முடிப்பது நல்லது.

மென்மை தருபவை வழுவழுப்பான சாறுள்ள பொருள்கள். இரவு ஊறவைத்து அரைத்த வெந்தயம், கசக்கிப் பிழிந்த செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழையின் சோறு ஆகியவை முடியின்மேல் படிந்து சீப்பு வழுக்கிச் செல்ல உதவுகின்றன. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட வேண்டும். அது தோலில் அரிப்பை உண்டாக்கும். இருபது நிமிடம் வைத்து நன்றாக அலசினால் போதும். முட்டையும் தயிரும் முடிக்குப் புரதம் ஊட்டும் என்பது தவறு. அவற்றின் புரத மூலக்கூறுகள் பெரியவை, உள்ளே நுழையாது. மேலே பூச்சாக மட்டும் நிற்கும். முட்டை வைத்த தலையில் வெந்நீர் ஊற்றினால் அது வெந்து ஒட்டிக்கொள்ளும்.

சிலவற்றை விலக்கி வைக்க வேண்டும். சமையல் சோடா காரமானது, செதிலைத் தூக்கும். நீர் கலக்காத எலுமிச்சைச் சாறு தலைத்தோலை எரிக்கும். மருதாணியின் நிறமி கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. வறண்ட முடியில் அடிக்கடி முழுநீளமும் பூசினால் முடி விறைக்கும், ஆகவே வேர்ப்பகுதியோடு நிறுத்தலாம். ‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் பொடிகளில் பிபிடி என்ற சாயப்பொருள் கலந்திருக்கலாம். அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. எந்தப் புதிய பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் வைக்க வேண்டும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று எல்லோருக்கும் ஒத்துப்போய்விடாது.

தண்ணீர் சேர்த்த எந்தப் பக்குவத்தையும் அன்றன்றைக்குச் செய்து, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பதப்படுத்தும் பொருள் இல்லாத விழுதில் கிருமிகள் விரைவில் பெருகும். பொடியை ஈரமில்லாத டப்பாவிலும், எண்ணெயை வெளிச்சம் படாத பாட்டிலிலும் வைத்து, தயாரித்த தேதியை எழுதி ஒட்டுவது தொழில் ஒழுக்கம்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை இந்தப் பக்குவங்களைச் செய்து வந்தால் தொட்டுப் பார்க்கும்போது தெரியும் மென்மை சில குளியல்களிலேயே வரும். சேதமடைந்த நீளம் முழுதும் மாற, புதிய முடி வளர்ந்து பழையது வெட்டப்பட வேண்டும்; அதற்கு ஆண்டுகள் ஆகும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்வு, வட்டமாகச் சொட்டை, தலைத்தோலில் சீழ் அல்லது புண், களைப்போடு சேர்ந்த முடி மெலிவு ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அந்த வாடிக்கையாளரைத் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் எண்ணெயால் தீராதவை.