சும்மா கிடக்கும் டொமைனுக்கு என்ன விலை?

தொழில் யோசனை ஒன்று வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் டொமைன் வாங்குவது. முதல் ஆண்டு சலுகை விலையில் கிடைத்துவிடும். பிறகு தொழில் தொடங்காமலே போகும். பெயர் மட்டும் ஆண்டு தவறாமல் கார்டிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இப்படி ஐந்தாறு சேர்ந்த பிறகுதான் ‘விற்றால் என்ன?’ என்று தோன்றும். 2019-இல் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் வாய்ஸ் டாட் காம் என்ற பெயரை 3 கோடி டாலருக்கு விற்ற செய்தியும் அப்போது பார்த்து ஞாபகம் வரும். அதை ஓரம் வையுங்கள். அது எவரும் அறிந்த ஒற்றைச் சொல், அதுவும் டாட் காமில். நம் கையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை விலைபோகாதவை. அவற்றைக் கழித்துவிட்டு, தேறுகிற ஒன்றிரண்டில் மட்டும் உழைப்பைப் போட வேண்டும்.

கணக்கெடுப்பு

எந்தெந்தப் பெயர், எந்த நிறுவனத்தில் பதிவு, எப்போது காலாவதி, அடுத்த புதுப்பிப்புக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சலுகை விலையை எழுதாதீர்கள்; புதுப்பிப்பு விலைதான் உண்மையான விலை. டாட் ஏஐ போன்ற முடிவுகள் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டச் சொல்பவை, விலையும் டாட் காமைவிடப் பல மடங்கு.

அடுத்து, பெயர் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கடைகள், பள்ளிகள் பலவற்றுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவரே டொமைனைத் தன் கணக்கில் பதிந்து வைத்திருப்பார். உரிமையாளரின் மின்னஞ்சல் எது, லாகின் யார் கையில் என்பது தெளிவாகும்வரை விற்பனைப் பேச்சே வேண்டாம்.

கழிக்க வேண்டியவை

வேறொருவரின் பிராண்டு உள்ளே இருக்கும் பெயரை முதலில் கழியுங்கள். பிரபல பைக் கம்பெனி பெயரோடு ‘சர்வீஸ்’, வங்கிப் பெயரோடு ‘லோன்’ என்று சேர்த்து வாங்கியவை எல்லாம் இதில் அடங்கும். டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. டாட் காம் பெயர்களுக்கு ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த தகராறு தீர்வு முறை இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தனி முறை இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கே எழுதி “இவ்வளவு கொடுத்தால் தருகிறேன்” என்று கேட்பதுதான் பலர் செய்யும் புத்திசாலித்தனம். கெட்ட எண்ணத்தோடு வாங்கினார் என்பதற்கு அந்தக் கடிதமே அவர்கள் கையில் சாட்சியாகிவிடும். இத்தகைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

நடுவில் கோடு போட்டவை, எண் நுழைத்தவை, மூன்று நான்கு சொற்களை ஒட்டியவை ஆகியவற்றுக்கும் வாங்குபவர் கிடைப்பது அரிது. தமிழ் எழுத்திலேயே அமைந்த டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் பெயர்களைப் பயன்படுத்தத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மறுவிற்பனைக்கு மட்டும் அவற்றை நம்ப வேண்டாம், அந்தச் சந்தை மிகச் சிறியது.

விலையை எடைபோடுவது

டொமைன் விலை ஆர்.டி.ஓ. அலுவலக ஃபேன்சி நம்பர் மாதிரி. அது வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் விலை, மற்றவருக்கு அது வெறும் எண். ஆகவே முதல் கேள்வி, இந்தப் பெயர் யாருக்கு வேண்டியிருக்கும் என்பது. ‘யாருக்காவது’ என்பது பதில் அல்ல. மதுரையில் கேட்டரிங் செய்பவர்களுக்கு, தோல் ஏற்றுமதி செய்பவர்களுக்கு என்று ஆட்களைச் சுட்ட முடிய வேண்டும். இணையத்தில் தேடி, அதே தொழிலில் பணம் புழங்கும் நிறுவனங்கள் குறைந்தது பத்தாவது தேறுகின்றனவா என்று எண்ணுங்கள். உங்களிடம் டாட் காம் இருந்து, அதே பெயரை டாட் இன், டாட் நெட், டாட் கோ ஆகியவற்றில் வேறு வேறு ஆட்கள் நடத்திக்கொண்டிருந்தால் அது மிக நல்ல அறிகுறி. நிலைமை தலைகீழாக இருந்தால், அதாவது உங்களிடம் டாட் நெட், டாட் காம் இன்னொருவரிடம் என்றால், மதிப்பு பெரும்பாலும் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தாண்டாது.

இரண்டாவது, பெயரைப் போனில் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். ‘ழ’ வருகிற பெயரை ஒருவர் இசட்-எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். நெடிலுக்கு ஒரு ஏ-யா, இரண்டா? மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் வாங்குபவருக்கும் அதே தலைவலிதான். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறிவிட்டது.

மூன்றாவது, உண்மையில் நடந்த விற்பனைகளைப் பாருங்கள். நேம்பயோ என்ற தளத்தில் பழைய விற்பனைகளைச் சொல்வாரியாகத் தேடலாம். உங்கள் பெயரில் உள்ள சொல், அதே முடிவு, கடந்த சில ஆண்டுகள் என்று வடிகட்டுங்கள். உச்சத்தில் உள்ள இரண்டை விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள். ‘அதிக விலைக்குப் போன டொமைன்கள்’ என்று சுற்றும் பட்டியல்களில் ஒரு கோளாறு உண்டு. 2010-இல் 4.97 கோடி டாலருக்குப் போன கார்இன்ஷூரன்ஸ் டாட் காமில் பெயர் மட்டுமா விற்றது? ஓடிக்கொண்டிருந்த வியாபாரமும் சேர்ந்துதான் போனது.

கோடாடி, எஸ்டிபாட் போன்ற தளங்கள் தானாகவே மதிப்புப் போட்டுக் காட்டும். அந்த எண்ணை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு டாலரா ஆயிரம் டாலரா என்கிற அளவில் திசை காட்ட உதவும், அவ்வளவுதான். சில நல்ல பெயர்களைக் குறைத்தும், குப்பையை உயர்த்தியும் காட்டுவது அவற்றின் வழக்கம்.

நான்காவது, பூர்வீகம். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பெயரைப் போட்டால், உங்களுக்கு முன் யாராவது வைத்திருந்தார்களா, என்ன நடத்தினார்கள் என்று தெரியும். சூதாட்டமோ போலி மருந்தோ விற்ற தளம் என்றால், விவரம் தெரிந்தவர் விலையைக் குறைப்பார். பழைய பெயர் என்பதாலேயே மதிப்புக் கூடுவதில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன் வாங்கிய மோசமான பெயர் இன்றும் மோசமான பெயர்தான்.

இவ்வளவும் பார்த்த பின் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, கேட்கும் விலை. மற்றது, இதற்குக் கீழே தரமாட்டேன் என்கிற விலை. டொமைன் வியாபாரிகளிடம் விற்றால் கடைசியாகப் பயன்படுத்தப்போகிறவர் கொடுப்பதில் சிறு பகுதிதான் கிடைக்கும். அவர்கள் மறுபடி விற்க வேண்டுமே. அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். ஆனால் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெயருக்கு ₹1,200 என்றால் நூறுக்கு ₹1,20,000. விற்கிற அந்த ஒன்று, கமிஷன் போக அதற்கு மேல் தந்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்து பெயர் வைத்திருப்பவர் இந்த வாய்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு விலை சொல்லட்டும்.

கடை விரிப்பது

வாங்க நினைப்பவர் முதலில் செய்வது அந்தப் பெயரை பிரவுசரில் அடித்துப் பார்ப்பது. அங்கே வெற்றுப் பக்கம் வந்தால் போய்விடுவார். ஆகவே ‘விற்பனைக்கு’ என்ற பக்கம் வரும்படி நேம்சர்வரை மாற்றுங்கள். செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைத் தளங்களில் பதிந்தால் அந்தப் பக்கத்தை அவர்களே தருவார்கள். ஆஃப்டர்னிக்கில் போட்டது வேறு பல பதிவு நிறுவனங்களின் தேடல் பெட்டியிலும் தெரியும். கமிஷன் இடத்துக்கு இடம் மாறும். 15 முதல் 25 சதவீதம் போகலாம் என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள். இரண்டு தளத்தில் போட்டால் இரண்டிலும் ஒரே விலை இருக்கட்டும்.

விலையைப் போடலாமா, ‘ஆஃபர் சொல்லுங்கள்’ என்று விடலாமா? சாதாரணப் பெயருக்கு விலையைப் போட்டுவிடுவதே என் கட்சி. சிறு தொழில் செய்பவர் பேரம் பேச மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். எட்டும் விலை என்று கண்ணில் பட்டால் வாங்கிவிடுவார்.

நீங்களே ஆள் தேடிப் போவதும் நல்ல வழி. முன்பு எண்ணிய பத்து நிறுவனங்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஐநூறு பேருக்கு அனுப்பினால் அது ஸ்பேம். கடிதம் இவ்வளவு போதும்: “வணக்கம். உங்கள் நிறுவனம் இப்போது நீளமான முகவரியில் இயங்குகிறது. அதைவிடச் சுருக்கமான இந்த டாட் காம் பெயர் என்னிடம் உள்ளது, விற்கிறேன். விலை ₹40,000. விருப்பமிருந்தால் பதில் எழுதுங்கள்.” ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பணமும் பெயரும் கைமாறுவது

ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான். பெரிய விலை சொல்லி ஒருவர் எழுதுவார். எல்லாம் பேசி முடிந்ததும் “ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கி அனுப்புங்கள்” என்று ஒரு தளத்தைக் காட்டுவார். அதற்குக் கட்டும் பணத்தோடு அவர் மறைந்துவிடுவார். சான்றிதழ் கேட்கிற எவரும் வாங்க வந்தவர் அல்லர்.

முன்பின் தெரியாதவரிடம், நடுவில் நின்று பணத்தைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே விற்க வேண்டும். வாங்குபவர் பணத்தை எஸ்க்ரோவில் கட்டுவார். பணம் வந்தது என்று எஸ்க்ரோ நடத்துபவர்கள் உறுதி செய்த பின் நீங்கள் பெயரை மாற்றுவீர்கள். வாங்கியவர் ‘வந்துவிட்டது’ என்றதும் பணம் உங்களுக்கு வரும். எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே அடித்துத் திறங்கள். எதிராளி அனுப்பும் லிங்க்கில் போனால் அதே முகத்தோடு போலித் தளம் இருக்கலாம். டிரான்ஸ்ஃபர் கோடு என்பது பெயரின் சாவி. பணம் உறுதியாகும்வரை அது வெளியே போகக்கூடாது.

இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் கணக்கு இருந்தால் உள்ளுக்குள்ளேயே தள்ளிவிடலாம், பெரும்பாலும் அன்றைக்கே முடியும். வேறு நிறுவனத்துக்கு என்றால் டாட் காமுக்குச் சில நாட்கள் ஆகும். புதிதாகப் பதிந்த பெயரும், சமீபத்தில் நிறுவனம் மாறிய பெயரும் 60 நாள் நகராமல் பூட்டப்பட்டிருக்கும் வழக்கம் உண்டு. விலை பேசும் முன்பே அதைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வந்த பணம் வருமான வரிக் கணக்கில் எந்தத் தலைப்பில் வரும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், டாலரில் வந்தால் கட்டாயம்.

விட்டுவிடும் பெயர்கள்

கழித்தவற்றுக்கு ஆட்டோ ரின்யூவலை நிறுத்தினால் போதும். டாட் காம் காலாவதியான பின் பொதுவாகச் சில வாரம் சாதாரண விலையிலும், அதன் பின் 30 நாள் அபராதத்தோடும் மீட்கலாம். அடுத்த ஐந்து நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் பதியும் நிலைக்கு வரும். நிறுத்தும் முன் ஒரு வேலை பாக்கி. அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தீர்களா? அந்த முகவரியை வங்கிக்கோ ஜி.எஸ்.டி. கணக்குக்கோ சமூக ஊடகத்துக்கோ கொடுத்திருந்தால், பெயரை அடுத்து வாங்குபவர் அதே முகவரியை உருவாக்கிக்கொண்டு, பாஸ்வேர்டு மாற்றும் கடிதங்களைத் தன் பெட்டியில் வாங்கிக்கொள்ள முடியும். ஒவ்வொன்றாகப் புது முகவரிக்கு மாற்றி, ஓராண்டாவது பழைய பெட்டியைக் கவனித்து, ஒன்றும் வராத பிறகு விடுங்கள். அதற்காக இன்னொரு ₹1,200 கட்ட நேர்ந்தாலும் கட்டிவிடுங்கள்.