தீவுப் பாதைகளுக்கு ஏற்ற சக்கரமும் டயரும்

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், வடகிழக்குப் பருவமழை வந்து சேருகின்றது. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், மேட்டு நிலங்களில் வழுக்கும் களிமண்ணும் கடலோரங்களில் நொறுங்கிய பவழ மணலும் எதிர்ப்படும்.

தடுப்பூசிப் பெட்டியோடு செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும், விதை மூட்டையோடு செல்லும் விவசாய ஊழியருக்கும் வண்டி வழியில் புதைந்துபோனால் அன்றைய பணி வீணாகும். அவ்வேளையில் எஞ்சினின் ஆற்றலைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் எவ்வளவு வலிய எஞ்சினும் தன் வேலையைச் செய்வது, மண்ணைத் தொடும் நான்கு சிறு ரப்பர்ப் பரப்புகளின் வழியாகவே. அவை ஒவ்வொன்றும் விரித்த கையின் அளவுக்குச் சற்றே கூடுதலானவை. ஆதலின் டயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாம் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

டயரின் மேல் உள்ள எண்கள்

இந்தியாவில் பலரும் அறிந்த பொலீரோ வண்டியின் டயரில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருக்கும். இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். அஃது அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு என்பது பொருள். ‘ஆர்’ என்னும் எழுத்து டயரின் உள்ளிழைகள் ஆரங்களைப்போல் அமைந்திருப்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இவற்றைக் கொண்டு டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். பக்கச் சுவரின் உயரம் 215 × 0.75 = 161.25 மி.மீ. மேலும் கீழுமாக இரு சுவர்களுக்கு 322.5 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 × 25.4 = 381 மி.மீ. ஆகவே முழு விட்டம் 703.5 மி.மீ. ஆகும்.

பழைய ஜீப்பின் டயரில் 6.00-16 என்று இருக்கும். அதன் அகலம் 6 அங்குலம். ரிம் 16 அங்குலம். இவ்வகை டயரில் சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம் என்பதால் அது தனியே குறிக்கப்படுவதில்லை.

அளவை அடுத்து வரும் எண், டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் குறியீடாகும். 100 என்றிருந்தால் அந்த டயர் 800 கிலோகிராம் தாங்கும். இக்குறியீடு வண்டி செய்தோர் விதித்ததற்குக் குறைவாக இருத்தல் கூடாது.

பெரிய டயரின் ஆதாயமும் நட்டமும்

‘பெரிய டயர் போட்டால் வண்டி எங்கும் செல்லும்’ என்பது பரவலான நம்பிக்கை. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்கூறிய டயருக்குப் பதிலாக 235/75 ஆர் 15 பூட்டுவதாகக் கொள்வோம். அதன் விட்டம் 733.5 மி.மீ.; முன்னதைவிட 30 மி.மீ. அதிகம். ஆயினும் அச்சு உயர்வது விட்டத்தின் அளவுக்கு அன்று, ஆரத்தின் அளவுக்கே. மெக்கானிக்குகள் ‘கிரௌன்’ என்று வழங்கும் பல்சக்கரப் பேழை தரையிலிருந்து 15 மி.மீ. மட்டுமே உயரும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இதுவும் பயன் தருவதே. எனினும் நாம் எண்ணியதில் பாதிதான்.

நட்டம் யாது? சக்கரம் நூற்றுக்கு 4.3 பங்கு பெரிதாகிவிட்டது. வேகமானி மணிக்கு 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தரையில் கிடைக்கும் இழுவிசையோ சுமார் 4 பங்கு குறையும். ஏனெனில் திருகுவிசை மாறாதிருக்க, ஆரம் நீண்டுவிட்டது. பிரேக்கும் அதே விகிதத்தில் வலுக் குறையும். மேலும் முழுப் பாரத்தோடு வளைவில் திருப்பும்போது டயர் மட்கார்டில் உராயக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கின்றது. ஆகவே அவர் அந்த வண்டிக்கு அனுமதித்த அளவுகளுக்குள்ளேயே நம் தேர்வு அமைதல் வேண்டும்.

அகலமா, குறுகலா?

இதற்கு மண்ணே விடை கூறும். மேலே மூன்று விரற்கடைச் சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள பாதையில் குறுகிய டயரே சிறந்தது. அது சேற்றைப் பிளந்து அடித்தரையைப் பற்றும். அகன்ற டயர் சேற்றின் மேல் வழுக்கிச் செல்லும். 1940களின் இறுதியிலிருந்து இந்தியாவில் இணைத்துப் பூட்டப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் ஒடுங்கிய டயர்கள் இத்தகைய பாதைகளில் நன்கு உழைத்தன.

ஆழமான மணலிலோ அடித்தரை என்பதே இல்லை. அங்கே புதையாது மிதப்பதே வழி. அதற்குத் தொடுபரப்பு பெரிதாக இருத்தல் வேண்டும். அதுவும் நீளவாக்கில் பெருகினால் நலம். அகலம் கூடினால் சக்கரம் தன் முன்னே தள்ளவேண்டிய மணலும் கூடும். நீளம் கூடினால் அத்தடை ஏறுவதில்லை.

பொத்தான்களையும் கவனிக்க வேண்டும். களிமண்ணுக்கு இடைவெளி மிகுந்த, ஆழமான பொத்தான்கள் தேவை. நெருங்கிய பொத்தான்களிடையே களிமண் அப்பிக்கொண்டால், புதிய டயரும் மொட்டை டயர் போலாகிவிடும். மணலிலோ ஆழ்ந்த பொத்தான்கள் பள்ளம் தோண்டும். இரண்டும் கலந்த தீவுப் பாதைகளுக்கு இடைத்தரமான டயரே பொருத்தமாகும்.

செலவில்லாத மாற்றம்

டயரின் அளவை மாற்றாமலே தொடுபரப்பைப் பெருக்கும் வழி ஒன்று உண்டு. அது காற்றைக் குறைத்தல். பக்கச் சுவர் தாங்கும் சிறு பங்கை நீக்கிப் பார்த்தால், டயர் தரையை அழுத்தும் அழுத்தம் அதனுள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். சுமையுடன் 1,800 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு 450 கிலோகிராம். காற்று 30 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்கு 2.1 கிலோகிராம் இருந்தால், தொடுபரப்பு 214 சதுர செ.மீ. அதனை 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு சுமார் 320 சதுர செ.மீ. ஆகும். கூடுதலான பரப்பில் பெரும்பகுதி நீளவாக்கிலேயே பெருகும்.

பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயர் 1920களிலும் 1930களிலும் லிபியப் பாலைவன மணலை மோட்டார் வண்டிகளில் கடந்தபோது இம்முறையைக் கையாண்டார். 1942இல் அமெரிக்காவில் உருவான ‘டக்’ என்னும் நீர்நில வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே காற்றை ஏற்றவும் இறக்கவும் வசதி இருந்தது. பசிபிக் தீவுகளின் பவழத் திட்டுகளையும் மணற்கரைகளையும் அவ்வண்டி கடந்தது இதனாலேயே.

ஆனால் எச்சரிக்கை தேவை. காற்று மிகக் குறைந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். காற்றுக் குறைந்த டயரோடு தார்ச் சாலையில் விரைந்தால், பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றடிக்கும் பம்பும் அழுத்தமானியும் இல்லாத வண்டியில் காற்றைக் குறைத்தல் கூடாது.

ரிம்மின் அளவு

2020இல் வெளிவந்த தார் வண்டி 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என்னும் இருவகை டயர்களோடு விற்பனைக்கு வந்தது. முழு விட்டத்தில் இரண்டுக்கும் வேற்றுமை சுமார் 15 மி.மீ. மட்டுமே. ஆனால் முதலாவதன் பக்கச் சுவர் 184 மி.மீ.; இரண்டாவதன் சுவர் 166 மி.மீ. உயர்ந்த சுவர் கல்லின் மோதலைத் தாங்கி ரிம்மைக் காக்கும். காற்றைக் குறைக்கவும் இடம் தரும். ஆகவே அனுமதிக்கப்பட்டவற்றுள் சிறிய ரிம்மே காட்டுப் பாதைக்கு உகந்தது.

கடற்காற்றின் உப்பு இரும்பு ரிம்மை அரிக்கும். டயரின் விளிம்பு பொருந்தும் இடத்தில் துருப்பிடித்தால் காற்று மெல்லக் கசியும். எனினும் நெளிந்த இரும்பு ரிம்மை ஊர்ப் பட்டறையிலேயே தட்டி நிமிர்த்தலாம். விரிசல் கண்ட அலாய் ரிம்மை அவ்வாறு செய்ய இயலாது. ஆதலின் இரும்பு ரிம்மைக் கொண்டு, அதனை நன்னீரால் அடிக்கடி கழுவி வருதல் நன்று.

தீவுக்கே உரிய விதிகள்

சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்தே தீவுக்கு டயர் வருகின்றது. அருமையான அளவொன்றைத் தேர்ந்தால், ஒரு டயர் கிழிந்தாலும் அடுத்த சரக்குக் கப்பல் வரும்வரை வண்டி நிற்கும். ஆகவே ஒரே நிலையத்தின் வண்டிகள் கூடியவரை ஒரே அளவைக் கொள்ளுதல் நலம். ஸ்டெப்னியும் அதே அளவாக இருத்தல் வேண்டும். நான்கு சக்கரங்களும் ஒருங்கே இயங்கும்போது, ஒன்றின் விட்டம் மாறினாலும் பல்சக்கரங்கள் முறுக்குண்டு தேயும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. ஆழிப்பேரலையால் கிரேட் நிகோபாரின் கடலோரச் சாலைகள் பல இடங்களில் அழிந்தன. நேற்று சாலையாக இருந்தது இன்று மணலாகலாம் என்பதை அந்நாள் கற்பித்தது. எனவே சாலை நன்றாக உள்ள நிலையத்திலும் நல்ல டயரும் பம்பும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் டயர் மணலில் ஓடவல்லது என்பதற்காகக் கடற்கரையைச் சாலையாக்குதல் தகாது. சக்கரத் தடத்தில் வீழ்ந்த ஆமைக் குஞ்சு கடலை அடைய இயலாது தவிக்கும். கலாத்தியா விரிகுடாவும் காலிப்பூரும் ஆமைகள் முட்டையிடும் கரைகள் என்பதை மறவாதிருப்போமாக.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

நின்றிருக்கும் வண்டியின் டயரிலும் தரையிலும் நேருக்கு நேராகச் சுண்ணாம்புக் குறி இடுக. வண்டியை மெல்லத் தள்ளி, சக்கரம் ஒரு சுற்று உருண்டதும் தரையில் மீண்டும் குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க. டயரின் எண்களைக் கொண்டு கணக்கிட்ட சுற்றளவைவிட அது சிறிது குறைவாக இருக்கும். பாரத்தால் டயர் சற்றே அமுங்குவதே அதன் காரணம்.

வினாக்கள்: (1) 245/75 ஆர் 16 டயரின் முழு விட்டம் யாது? (2) அச்சை 25 மி.மீ. உயர்த்த விட்டம் எவ்வளவு கூடவேண்டும்? (3) உங்கள் ஊர்ப் பாதையில் சேற்றின் ஆழம் என்ன? அடித்தரை கெட்டியா? அதற்கு எந்த டயர் ஏற்றது? காரணம் கூறுக.