ஏரியில் எண்ணெய்ப் படலமா? சிற்றலையைப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அது சென்னை குடிக்கிற தண்ணீர். ஆலைகளுக்கும் லாரி நிறுத்தங்களுக்கும் நடுவே கிடக்கும் இந்த ஏரிகளில் எண்ணெய் படர்ந்தால், முதலில் கண்டுகொள்ளக்கூடியவர்கள் கரையோர ஊர்க்காரர்கள்தான். கருவி எதுவும் வேண்டாம், சிற்றலையைப் பார்க்கப் பழகினால் போதும்.

முதலில் நேரம் பாருங்கள். காற்றே இல்லாத விடியற்காலையில் ஏரி முழுவதும் வழவழவென்று கிடக்கும், எதையும் பிரித்தறிய முடியாது. பலத்த காற்று படலத்தைக் கிழித்துவிடும். இலை அசைகிற அளவு காற்றும் சாய்ந்த வெயிலும் இருக்கும் மாலைதான் சரி. கரைமேல் நின்று தண்ணீரைச் சாய்வாகப் பாருங்கள். சிற்றலை ஓடும் இடம் சொரசொரப்பாகவும், படலம் மூடிய இடம் திட்டாகப் பளபளத்தும் தெரியும்.

காரணம் இதுதான்: சுமார் 1.7 செ.மீ.க்குக் குறைந்த நீளமுள்ள அலைகளை ஆள்வது பரப்பு இழுவிசை. அலை ஓடும்போது மேலே உள்ள படலம் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விரியும். விரிந்த இடத்தில் இழுவிசை கூடும், நெருங்கிய இடத்தில் குறையும். இந்த ஏற்றத்தாழ்வு மேல்தண்ணீரை இழுத்து உராயவைக்க, சிற்றலையின் ஆற்றல் அதிலேயே தீர்ந்துபோகும். லண்டன் கிளாப்ஹாம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பை அமைதியாக்கியதை, 1774இல் வெளியான கட்டுரையில் பெஞ்சமின் பிராங்க்ளின் விவரித்திருக்கிறார். வாயகன்ற அண்டாவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, குச்சி நுனியில் நல்லெண்ணெய் தொட்டு விட்டால் நீங்களே பார்க்கலாம். ஏரியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, திட்டு உண்மையிலேயே படலமா என்று பாருங்கள். பனைமரமோ கரையோ காற்றை மறைத்தாலும் தண்ணீர் வழவழப்பாகும். ஆனால் காற்று திசை மாறியதும் அந்தத் திட்டு கலைந்துவிடும். படலம் அப்படியில்லை. அதன் ஓரம் தெளிவாக இருக்கும், காற்று போகும் பக்கம் மெல்ல நகரும். அது வந்த திசையில் வரத்துக் கால்வாய் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு ஒரு நீளக் குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். வானவில் நிறத்தைக் கண்டதுமே ஆலையைக் குற்றம் சொல்வது தவறு. இரும்புச் சத்துள்ள நீரில் பாக்டீரியா உண்டாக்கும் படலமும் அப்படி மின்னும். அது துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். டீசல், என்ஜின் ஆயில் படலமோ விலகி, உடனே மறுபடி ஒன்றுகூடும், வாடையும் வரும். வெறுங்கையால் தொட வேண்டாம். பாசியும் அழுகிய இலையும் விடும் கொழுப்பும், சோப்பு நீரும்கூட சிற்றலையை அடக்கும், ஆகவே குச்சிச் சோதனையையும் வாடையையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள்.

அளவை அச்சத்தால் பெருக்கவும் வேண்டாம், அலட்சியமாகக் குறைக்கவும் வேண்டாம். வானவில் நிறம் தெரியத் தொடங்கும் 0.3 மைக்ரான் தடிமனில் ஒரு லிட்டர் எண்ணெய் முக்கால் ஏக்கருக்கு மேல் பரவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெய் லிட்டர் கணக்கில் அடங்காதது. மீனவர்களின் படகும் வலையும் பாழாயின.

கடைசியாக, கரையோ மதகோ அடையாளம் தெரியும்படி படம் எடுத்து, தேதி, நேரம், காற்றின் திசை, குச்சிச் சோதனையில் கண்டது எல்லாவற்றையும் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்புங்கள். அன்றைக்கே அனுப்புங்கள், இரவுக் காற்றில் படலம் இடம் மாறிவிடும்.