கார்புரேட்டர் மாட்டியாச்சு, வண்டி ஏன் ஓடவில்லை?

மும்பைக்கு வடகிழக்கே, கல்யாணுக்கு அடுத்து இருக்கிறது உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ராணுவ முகாம் இருந்தது. நாடு பிரிந்தபோது சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் அந்த முகாமில் தங்கினார்கள். 1949-ஆம் ஆண்டு ராஜாஜி அந்த ஊருக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது அவர் கவர்னர் ஜெனரல். பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரே ஊருக்கு வந்தது. இன்றும் மக்கள் கேம்ப் நம்பர் சொல்லித்தான் முகவரி சொல்கிறார்கள். சிறு தொழில்கள் நிறைந்த ஊர் அது.

அந்த ஊரில் ஒரு சிறிய கேரேஜ். அங்கே ஓர் இட்லி வியாபாரி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய 100 சிசி பைக். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போக அதுதான் வண்டி. வண்டி நின்றால் இட்லி ஆறிப்போகும். அன்றைய வருமானமும் போகும்.

"அண்ணே, நேத்துதான் கார்புரேட்டரைப் பிரிச்சு, புது கிட் போட்டுக் கொடுத்தாங்க. முன்னாடியாவது ஓடுச்சு. இப்ப பாதி வழியில நிக்குது" என்றார்.

"எப்ப நிக்குது? மெதுவா போகும்போதா, வேகமா போகும்போதா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மேம்பாலம் ஏறும்போது. முழுசா முறுக்கினா இருமுது."

மெக்கானிக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. எப்படி?

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் கலப்பது. கொசு மருந்து அடிக்கும் கை பம்பை நினைத்துப் பாருங்கள். காற்று வேகமாகப் போகிறது. அது மருந்தை மேலே இழுத்துப் புகையாகத் தெளிக்கிறது. கார்புரேட்டரும் அப்படித்தான். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், பணமும் வீணாகும். குறைந்தால் எஞ்சின் சூடேறும்.

பெட்ரோல் ஒரே வழியில் வருவதில்லை. ஆக்சிலேட்டரை முறுக்காதபோதும், சிறிது முறுக்கும்போதும் பைலட் ஜெட் வழியாக வருகிறது. நடு வேகத்தில், மேலும் கீழும் போகும் ஊசி அதை அளந்து விடுகிறது. முக்கால் பங்குக்கு மேல் முறுக்கினால் மெயின் ஜெட் அளவு வைக்கிறது. அதனால்தான் 'எப்போது' என்ற கேள்வி முதலில் வருகிறது.

கேரேஜில் வேலை கற்கும் பையன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். "ஸ்குரூவைத் திருகிப் பார்க்கட்டுமா அண்ணே?"

"வேணாம் தம்பி. அது மெதுவா ஓடுறதுக்கான ஸ்குரூ. இவர் நோய் வேற" என்றார் மெக்கானிக்.

முதலில் அவர் ஓவர்ஃப்ளோ குழாயைப் பார்த்தார். பெட்ரோல் சொட்டவில்லை. சொட்டினால் மிதவையின் ஊசியில் தூசி இருக்கும், அல்லது மிதவை சிக்கியிருக்கும். அடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தைப் பார்த்தார். அங்கே கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்று புகும். முறுக்கு விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். இங்கே அந்தக் குறையும் இல்லை.

பிறகு அவரே வண்டியை ஓட்டிப் பார்த்தார். முழு வேகத்தில் இருமியது. சோக்கைச் சிறிது இழுத்தார். இருமல் குறைந்தது! சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அதனால் வண்டி தேறினால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. அது காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் கூடினால் கரி படிந்திருக்கும்.

மெயின் ஜெட்டைக் கழற்றினார். அது சிறிய பித்தளைத் துண்டு. அதில் எண் பொறித்திருக்கும். புதிய ஜெட்டில் 85 என்று இருந்தது. இட்லிக்காரர் பழைய ஜெட்டைத் தாளில் மடித்து வைத்திருந்தார். அதில் 92. வேறு வண்டிக்கான கிட்டை யாரோ போட்டிருக்கிறார்கள். பழைய ஜெட்டை எறியாமல் கேட்டு வாங்கி வைத்தாரே, அதுதான் புத்திசாலித்தனம்.

"சின்ன ஜெட்டே இருக்கட்டுமே அண்ணே. பெட்ரோல் மிச்சம்தானே?" என்றார் இட்லிக்காரர்.

"பெட்ரோல் மிச்சமாகும், பிஸ்டன் போயிடும். எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும்னு தெரியுமா?"

பழைய ஜெட்டைப் பெட்ரோலில் கழுவி, காற்று அடித்தார். கம்பி விட்டுக் குத்தவில்லை. கம்பி குத்தினால் துளை பெரிதாகும். பிறகு எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. கழுவும்போது பையனை வாசலுக்கு அனுப்பி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதையும் அவர் வெளியில்தான் செய்வார். மூடிய அறையில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஜெட்டை மாற்றியதும் மேம்பாலம் வரை போய் வந்தார். இருமல் போய்விட்டது. வேறு எதையும் அவர் இதுவரை தொடவில்லை. ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைத்தால், எது குணமாக்கியது என்றே தெரியாது.

கடைசியாகத்தான் பையன் கேட்ட ஸ்குரூவுக்கு வந்தார். எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தது. ஏர் ஃபில்டரும் மாட்டியிருந்தது. எஞ்சினை அணைத்து, ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்தினார். அழுத்தினால் கூர்முனை கெடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு, கால் சுற்றாக இப்படியும் அப்படியும் திருப்பினார். எங்கே எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடியதோ, அங்கே விட்டார். பின்னர் ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காற்று ஸ்குரூ. வெளியே திருகினா பெட்ரோல் பங்கு குறையும். எஞ்சின் பக்கம் இருந்தா தலைகீழ். வெளியே திருகினா பெட்ரோல் கூடும். இதைப் பார்க்காமத்தான் நிறைய பேர் மாத்தித் திருகுறாங்க."

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை ஊசிபோலப் பீய்ச்சும் கருவி இருக்கிறது. ஆனால் பழைய வண்டிகளும், சிறிய ஜெனரேட்டர்களும், புல்வெட்டும் மெஷின்களும் இன்னும் கார்புரேட்டரோடுதான் ஓடுகின்றன.

இட்லிக்காரர் சாவியை வாங்கக் கை நீட்டினார். மெக்கானிக் கொடுக்கவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை இடது ஓரம் வரை திருப்பினார். பிறகு வலது ஓரம் வரை திருப்பினார். எஞ்சின் சத்தம் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்போது சரிசெய்ய வேண்டியது கேபிளைத்தான். கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.