மழைக்கால சூப்: கியூபை உப்புக் கணக்கில் எழுதுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மளிகைக் கடையில் முதலில் இடம் மாறுவது சூப் பாக்கெட்தான். கோடையில் உள்வரிசையில் கிடந்தது, இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சரம்சரமாகத் தொங்குகிறது. சளி பிடித்த பிள்ளைக்கு, காய்ச்சலில் வாய் கசந்த பெரியவருக்கு, வேலை முடிந்து நனைந்து வருகிறவருக்கு என்று மார்கழிப் பனி விலகும்வரை வாங்கிக்கொண்டே இருப்போம். தாராளமாக வாங்கலாம். இந்த வாரம் கடைக்குப் போகும்போது மட்டும், உறையின் முன்பக்கத்துக் கோழிப் படத்தையும் கேரட் படத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அண்ணாச்சி கடையில் போய் "சூப் இருக்கா?" என்று கேட்டால் கைக்கு வரக்கூடியவை வேறு வேறு சரக்குகள். ஒன்று சூப் கியூப். இன்னொன்று சூப் பொடி. பெருநகரங்களின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் மூன்றாவதாக ஒன்றும் கிடைக்கிறது: அட்டைப்பெட்டியில் நீராகவே வரும் ஸ்டாக், பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. மூன்றையும் ஒரே மாதிரி பயன்படுத்தினால் சுவையும் கெடும், உடம்பும் கெடும்.

கியூபில்தான் அதிகத் தவறு நடக்கிறது, ஆகவே அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். எலும்பையும் காயையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட சாறு இறுகிக் கட்டியானதுதான் கியூப் என்று பலர் நம்புகிறார்கள். உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான கியூபுகளில் அந்த முதல் சொல் உப்பு. அதன்பின் கெட்டிக் கொழுப்பு, ஸ்டார்ச், சர்க்கரை, சுவையூட்டிகள், வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, மசாலா என்று போகும். கோழிப் பொடியின் முறை வருவதற்குள் பட்டியல் முக்கால்வாசி முடிந்திருக்கும். கியூபின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்புதான். அதனால் அதை மணமூட்டிய உப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கியூப் போட்ட பாத்திரத்தில் தனியாக உப்புப் போடாதீர்கள். எல்லாம் வெந்து, ருசி பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் கடைசியில் ஒரு சிட்டிகை.

என் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்த வருடம் வீட்டில் உப்பைக் குறைத்தோம். ஊறுகாய் போனது, அப்பளம் போனது, ரசத்தில் பாதி உப்பு. "வாய்க்கு விளங்கல" என்று அவர் சொல்ல, சாயங்காலம் ஒரு கிண்ணம் சூப் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு கியூப், வழக்கப்படி மேலே கொஞ்சம் உப்பும். அடுத்த முறை மருத்துவர், "வேறென்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டபோதுதான் உறையைத் திருப்பிப் படித்தேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் பிடித்ததையெல்லாம் அந்த ஒரு கிண்ணத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இதை எழுதுவதும் அதனால்தான்.

கணக்கு கடினமில்லை. உறையின் ஊட்டச்சத்து அட்டவணையில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் அதே 5 கிராமைத்தான் சொல்கின்றன. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். காலை இட்லி, மதியக் குழம்பு, பொரியல், மோர், இரவுச் சட்னி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 10 கிராம் கியூபில் பாதி உப்பு என்றால் 5 கிராம். ஒரு நாள் கணக்கு ஒரே கட்டியில் தீர்ந்துவிடுகிறது. அரை லிட்டர் தண்ணீரில் அதைக் கரைத்து இரண்டு பேர் குடித்தால் ஆளுக்கு 2.5 கிராம். அதையே பாதிக் கட்டியை ஒரு லிட்டரில் போட்டு நாலு பேர் குடித்தால் ஆளுக்கு 0.6 கிராம்தான். உறையில் எழுதியிருக்கும் அளவு கட்டளை ஒன்றும் இல்லை, அதில் பாதியில் தொடங்குங்கள். மணத்துக்கு மிளகும் சீரகமும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு சட்டியிலேயே நிற்கும். ஒரு லிட்டர் சூப் சுண்டி அரை லிட்டர் ஆனால் ஒரு கிண்ணத்தின் உப்பு இரட்டிப்பாகிறது. கியூபை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிடும் பழக்கத்தை விடுங்கள். அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் முன்பு போட்டால் போதும், கரைந்துவிடும். ஃப்ரைடு ரைஸுக்கும் நூடுல்ஸுக்கும் கியூபும் சோயா சாஸும் சேர்த்துப் போடும் வீடுகள் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். இரண்டில் ஒன்று போதும்.

சூப் பொடி வேறு இனம். கெட்டியாக வருவதற்காக அதில் சோள ஸ்டார்ச்சோ மைதாவோ முதலிடத்தில் இருக்கும். சர்க்கரை அடுத்தடுத்து வரும். உலர்ந்த காய்த்துண்டுகள் பெயருக்குத்தான். அதைச் சத்து என்று நினைத்து வாங்க வேண்டாம். மழை நாளில் சூடாக ஒரு கோப்பை என்ற அளவில் சரி. சோடியத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: உறையில் உள்ள எண் 100 கிராம் பொடிக்கா, கலக்கிய 100 மில்லி சூப்புக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று தலைப்பைப் பாருங்கள். கலக்கிய 100 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் குறைவாகத்தான் தோன்றும். நாம் குடிப்பது 250 மில்லி கிண்ணம். அதில் 625 மில்லிகிராம் ஆகிவிடும். இரண்டு கம்பெனிப் பாக்கெட்டை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவுக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பொடிக்கும் மற்றதில் கலக்கிய சூப்புக்கும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அட்டைப்பெட்டி ஸ்டாக் வாங்குகிறவர்கள் முன்பக்கத்து வாசகத்தில் கவனமாக இருங்கள். 'லோ சோடியம்' ஒன்று, 'ரெடியூஸ்டு சோடியம்' வேறு. அமெரிக்கச் சரக்கில் லோ சோடியம் என்றால் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே. ரெடியூஸ்டு என்றால் அதே வகையின் வழக்கமான சரக்கைவிட 25 சதவீதமாவது குறைவு, அவ்வளவே. வழக்கமானதில் ஒரு கப்புக்கு 800 மில்லிகிராம் இருந்தால், குறைத்ததாகச் சொல்வதில் 600 இருக்கலாம். ரத்தக் கொதிப்புள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. நம் நாட்டுச் சட்டத்தில் லோ சோடியம் என்று போட வேண்டுமானால் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றிலும் நல்லது உப்பே சேர்க்காத ஸ்டாக். உப்பைக் கூட்டும் உரிமை உங்கள் கையிலேயே இருக்கும். பெட்டியில் புரதத்தையும் பாருங்கள். ஒரு கப்பில் 1 கிராம்கூட இல்லாத சிக்கன் ஸ்டாக், மணம் போட்ட தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சுவையைப் பற்றி. கியூபில் ஊறும் அந்த ருசி உப்பால் மட்டும் வருவதில்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதுவே அந்தச் சாற்றுச் சுவைக்குக் காரணம் என்று காட்டினார். நாம் அஜினோமோட்டோ என்று சொல்வது அதன் சோடிய உப்பு. உறையில் 621 என்ற எண்ணாக இருக்கும். கூடவே 627, 631 அல்லது 635 இருந்தால் ருசி பல மடங்கு ஏறும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். இதைக் கண்டு அலற வேண்டியதில்லை. அதன் எடையில் சோடியம் சுமார் 12 சதவீதம், சமையல் உப்பில் 39. பயப்பட வேண்டியது பட்டியலின் முதல் சொல்லுக்குத்தான். சைவர்கள் இந்த எண்களோடு பச்சைப் புள்ளியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் 631 மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம்.

வாங்கி வந்ததும் எதுவும் சேர்க்காமல், கொஞ்சமாக எடுத்து வெந்நீரில் நீர்க்கக் கரைத்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்பு முன்னால் வந்து நின்று, விழுங்கியபின் நாக்கில் ஒன்றும் தங்கவில்லை என்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிடலாம். வெங்காயமோ பூண்டோ கோழியோ, ஏதாவது ஒரு மணம் பின்னால் வர வேண்டும். உப்பு குறைந்த சூப்புக்கு ருசி ஏற்றத் தக்காளியும் காளானும் கைகொடுக்கும், இரண்டிலும் இயற்கையாகவே குளுட்டமேட் உண்டு. கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறை தெரியாது.

விலையைப் பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் கிண்ணத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிராமின் விலையும் இப்போது உறையில் அச்சாகிறது. கியூபைப் பாதியாகக் குறைத்தால் அங்கேயே செலவும் பாதியாகிறது. அட்டைப்பெட்டி ஸ்டாக்கில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் கப்பலேறி வந்த தண்ணீருக்கு. விருந்து நாளைத் தவிர அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் சூப் வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அச்சிட்ட பாக்கெட் கையில் வந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

செலவும் உப்பும் இரண்டும் குறைய ஒரு வழி இருக்கிறது. கறிக்கடையில், "பாய், சூப்புக்கு எலும்பு கொஞ்சம் போடுங்க" என்று கேட்டு வாங்கி, இஞ்சி, மிளகு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, உப்பில்லாமல் குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். சைவ வீட்டில் பருப்பு வேகவைத்த தண்ணீரும் முருங்கைக்கீரைக் காம்பும் அந்த வேலையைச் செய்யும். இந்தச் சாற்றில் லிட்டருக்குக் கால் கியூப் போதும். கடைச் சூப்பின் ருசி வந்துவிடும், உப்பு நான்கில் ஒரு பங்குகூட இருக்காது.

சிலருக்குக் கியூபும் பாக்கெட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பருப்புச் சாதத்தில் இதை ஊற்றிப் பிசையாதீர்கள், அந்த வயதுச் சிறுநீரகத்துக்கு இவ்வளவு உப்பு தாங்காது. இதயம் பலவீனமானவர்களும், காலில் நீர் கோர்க்கிறவர்களும் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: உப்பு குறைத்ததாகச் சொல்லும் சில சரக்குகளில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 508, சேர்த்திருப்பார்கள். அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மழைக்கால வயிற்றுப்போக்குக்குச் சூப்பை மருந்தாக நினைக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில், கூடுதல் குறைவு இல்லாமல் கலக்கிக் கொடுங்கள்.

ஈரக் காற்றில் பொடி கட்டிப்படும், கியூப் நமத்துப் பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். காய்ச்சிய சாறு அடுப்பு மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தும் மழையில் வெகுநேரம் மின்சாரம் போயிருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அடுக்களையில் இருக்கும் சூப் பாக்கெட்டை எடுத்து, ஒரு கிண்ணத்துக்கான சோடியத்தை 2.5 ஆல் பெருக்கி, வந்த உப்பின் அளவை உறைமேலேயே பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் யார் சமைத்தாலும் அது கண்ணில் படட்டும்.