முதல் பந்தி யாருக்கு?

கேள்வி: போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். விருந்து முடிந்தபோது பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் சோறு மீந்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. இரவு எங்கள் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு வயிறார வைத்தேன். அதுவும் ஆசையாகத் தின்றது. விடிந்ததும் பார்த்தால் அசைபோடவில்லை. மதியம் புளித்த நாற்றத்தோடு தண்ணியாகக் கழிந்தது. சாயங்காலம் படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் டாக்டர் வந்து ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார். “சோறு வயிற்றில் புளித்துவிட்டது” என்றார். அன்று இரவே மாடு போய்விட்டது. இரண்டாம் ஈத்து. ஒன்றரை மாதக் கன்று கட்டுத்தறியில் நிற்கிறது. விழாவுக்கு வந்தவர்கள் கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். எனக்கோ, என் கையால் வைத்த சோறுதானே என்று தூக்கமே வருவதில்லை. நாம் மூன்று வேளையும் தின்னும் சோறு மாட்டுக்கு எப்படி நஞ்சாகும்? தினமும் கழனித் தண்ணியில் ஒரு கை சோறு போட்டுத்தானே வந்தேன்? சத்தில்லாத வைக்கோலைத் தின்று பால் கொடுத்த மாடு, சத்துள்ள சோற்றைத் தின்று ஏன் சாக வேண்டும்?

— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அம்மா, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் எந்தக் கால்நடை மருத்துவமனை வாசலிலாவது நின்று பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். பணியில் இருந்த காலம் முழுக்க அந்த ஒரு நாள் நான் விடுப்பு எடுத்ததே இல்லை. கொம்பில் வண்ணம் காயாத மாடுகள், நெற்றியில் குங்குமம் அழியாத மாடுகள், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். சர்க்கரைப் பொங்கலைப் பாசத்தோடு ஊட்டியவர்கள் பக்கத்தில் கண் கலங்கி நிற்பார்கள். நீங்கள் செய்ததும் பாசத்தால் செய்ததுதான். இதை ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். போதுமான அளவு சொல்லவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பாரத்தில் ஒரு பங்கு எங்களுக்கும் உண்டு.

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. வைக்கோல் சத்தில்லாதது என்கிறீர்கள். நமக்குத்தான் அது சத்தில்லாதது. வைக்கோலின் நார் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பாலும் குளுக்கோஸால். சோற்று மாவும் குளுக்கோஸால் ஆனதுதான். ஒரே மணியைக் கோத்த இரண்டு மாலைகள் அவை. முடிச்சுப் போட்ட விதம் மட்டும் வேறு. சோற்றின் முடிச்சை அவிழ்க்கும் சுரப்பு நம் எச்சிலிலேயே இருக்கிறது. வெறும் சோற்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றால் லேசாக இனிக்கும், பார்த்திருப்பீர்கள். மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கியதன் ருசி அது. வைக்கோலின் முடிச்சை அவிழ்க்கும் சுரப்பு நம் உடம்பில் எங்குமே கிடையாது. மாட்டின் உடம்பிலும் கிடையாது.

அப்படியானால் வைக்கோல் எப்படிப் பாலானது? மாடு அதைச் செரிக்கவில்லை. மாட்டின் வயிற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரித்தன.

கல்லூரியில் படித்தபோது, இடது பக்கத்தில் துளையிட்டு மூடி பொருத்திய மாடு ஒன்று எங்கள் பண்ணையில் இருந்தது. ஆராய்ச்சிக்காக அப்படிச் செய்வார்கள். துளை இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது என்பதுபோல மேய்ந்துகொண்டிருக்கும். ஆசிரியர் மூடியைத் திறந்து என் கையைத் தோள்வரை உள்ளே விடச் சொன்னார். வெந்நீர் அண்டாவுக்குள் கை விட்டதுபோல இருந்தது. மேலே வைக்கோலும் புல்லும் பாய் விரித்ததுபோல மிதக்க, அடியில் கூழ். சுவர் துவாலை மாதிரி சொரசொரவென்று இருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ சுவர் முழுவதும் சுருங்கி என் கையை இறுக்கி, மெல்ல விட்டது. அந்தச் சாற்றை ஃபிளாஸ்கில் சூடு ஆறாமல் எடுத்துப்போய் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, திருவிழாக் கூட்டம் போல ஒற்றைச் செல் உயிர்கள் முட்டி மோதி நீந்தின. அவற்றைவிடச் சிறிய பாக்டீரியாக்கள் ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடிக்கும் மேல் உண்டு. வளர்ந்த பசுவின் இந்த முதல் வயிறு 100 லிட்டருக்குமேல் பிடிக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதைத்தான் அசையூண் வயிறு என்கிறோம். பசுவுக்கு வயிற்றில் நான்கு அறைகள். நம் இரைப்பை போல அமிலம் சுரப்பது நான்காவது அறை மட்டும். முதல் மூன்றில் மாட்டின் சொந்தச் சுரப்பு எதுவும் இல்லை. அங்கே விருந்தாளிகள்தான் எல்லாம்.

உங்கள் வீட்டு விருந்தை வைத்தே சொல்கிறேன். மனிதனின் குடலில் முதல் பந்தி நமக்கு. சோறு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போனதும் கணையநீர் அதைச் சர்க்கரையாக வெட்டும், குடற்சுவர் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். அதற்குப் பிறகு மிச்சம் மீதியும் நாரும் பெருங்குடலுக்குப் போகும். பாக்டீரியாக் கூட்டம் அங்கேதான் காத்திருக்கிறது. கடைசிப் பந்தி அவற்றுக்கு. மாட்டில் இந்த வரிசை தலைகீழ். முதல் பந்தியில் நுண்ணுயிர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாட்டுக்கே இலை போடப்படும்.

அந்த இலையில் இருப்பவை இரண்டு. ஒன்று, நுண்ணுயிர்கள் நாரைத் தின்று வெளியேற்றும் அமிலங்கள். நம் வீட்டு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம்தான் அவற்றில் அதிகம். துவாலை மாதிரி என்றேனே, அந்தச் சுவர் இவற்றை உறிஞ்சுகிறது. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் சுமார் 70 சதவீதம் இப்படித்தான் வருகிறது. அசிட்டிக் அமிலம் மடிக்குப் போய்ப் பாலின் கொழுப்பாகிறது. சங்கத்தில் பால் ஊற்றும்போது திடீரென்று ஃபேட் குறைந்தால், வைக்கோலைக் குறைத்து மாவுத் தீவனத்தைக் கூட்டினீர்களா என்று நாங்கள் முதலில் கேட்பது இதனால்தான். இந்த அமிலங்களில் இன்னொன்று புரோப்பியானிக் அமிலம். கல்லீரல் இதைக் குளுக்கோஸாக மாற்றும், அது மடியில் பால் சர்க்கரையாகும். குடலிலிருந்து பசுவின் ரத்தத்துக்கு நேரடியாகச் சேரும் குளுக்கோஸ் மிகக் கொஞ்சம். பால் இனிப்பது அதன் கல்லீரலின் உழைப்பு.

இலையில் வரும் இரண்டாவது பதார்த்தம் அந்த நுண்ணுயிர்களேதான். சாற்றோடு அடித்துக்கொண்டு நான்காவது அறைக்கு வரும் அவை அங்கே செரிக்கப்படுகின்றன. பசுவுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி இந்த வழியில் கிடைக்கிறது. பின்லாந்தின் ஆர்ட்டூரி விர்ட்டானென், 1945-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றவர், 1960-களில் கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்துப் பார்த்தார். யூரியாவும் அம்மோனிய உப்பும்தான் நைட்ரஜனுக்கு. அந்த மாடுகள் பால் கறந்தன! யூரியாவிலிருந்து புரதத்தைக் கட்டியவை நுண்ணுயிர்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் கைக்கணக்கில் யூரியாவைத் தீவனத்தில் கலந்துவிடாதீர்கள். அளவு தப்பினால் சில மணி நேரத்திலேயே மாடு செத்துவிடும்.)

இனி அந்த இரவுக்கு வருவோம். இட்லி மாவை அரைத்து வைத்தால் காலையில் புளித்துப் பொங்கியிருக்கும். கோடையில் கொஞ்சம் நேரம் தப்பினாலும் வாயில் வைக்க முடியாது. மாட்டின் வயிறு எப்போதும் 39 டிகிரி சூட்டில் இருக்கும் மாவுப்பானை. வைக்கோல் போட்டால் அந்தப் பானை மெதுவாகப் புளிக்கும். நாரின் முடிச்சு அவ்வளவு இறுக்கம். மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடும். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல். அந்த எச்சிலில் சமையல் சோடாவில் இருக்கும் அதே உப்பு இருக்கிறது. புளிக்கப் புளிக்க எச்சில் வந்து முறித்துக்கொண்டே இருக்கும்.

வெந்த சோறு அப்படி இல்லை. வேகும்போதே அதன் மாவு நெகிழ்ந்துவிட்டது. மெல்லத் தேவையில்லை, அசைபோட ஒன்றுமில்லை, எச்சிலும் ஊறவில்லை. ஒரே சமயத்தில் அவ்வளவு மாவு கொட்டியதும், வழக்கமாக ஓரமாகக் கிடக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகியது. அது வெளியேற்றுவது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்கவைக்கும் அமிலம். அசிட்டிக் அமிலத்தைவிடப் பல மடங்கு கடுமையானது. புளிப்பு ஏற ஏற நாரைத் தின்னும் நல்ல கூட்டம் செத்தது. நுண்ணோக்கியில் முட்டி மோதும் என்றேனே, அந்த உயிர்களும் செத்தன. புளிப்பை விரும்பும் லாக்டோபேசில்லஸ் வந்து இன்னும் புளிக்கவைத்தது. வயிற்றின் சுவர் வெந்து, சுருங்குவதை நிறுத்தியது. அசைபோடவில்லை என்று நீங்கள் காலையில் பார்த்தது இதைத்தான்.

பிறகு தண்ணீர். வயிற்றுக்குள் சாறு கெட்டியாகிவிட்டால் உடம்பு ரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுத்துவிடும். விலாவுக்குப் பின்னால் இடது பள்ளத்தில் கையை வைத்துக் குலுக்கினால் குடம் தளும்புவதுபோலச் சத்தம் கேட்கும். அதே மாட்டின் கண் குழிவிழுந்திருக்கும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மாடு வறண்டுபோகிறது. அமிலம் ரத்தத்திலும் ஏறுகிறது. அதனால்தான் டாக்டர் பாட்டில் ஏற்றினார். அவர் வந்தபோது ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் செய்யக்கூடியது அதற்குள் குறுகிப்போயிருந்தது.

தினமும் ஒரு கை சோறு ஏன் ஒன்றும் செய்யவில்லை? ஒரு கை சோற்றை அந்த நீந்தும் உயிர்கள் அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டு மெதுவாகச் செரிக்கும். மீதி புளிப்பை எச்சில் பார்த்துக்கொள்ளும். மாவுத் தீவனத்தையும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் வயிற்றின் கூட்டம் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். ஒரே இரவில் மாறச் சொன்னால் அதனால் முடியாது. உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். வந்தவர்கள் யார் கண்ணும் இதில் இல்லை. நீங்கள் வருத்தப்படுவது ஒரு பக்கம், உறவு கெடுவது இன்னொரு பக்கம் என்று ஆகிவிடக் கூடாது.

அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது இப்படி ஆனால், அசைபோடுவதை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். மாடு அண்டாவில் வாய் வைத்துவிட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே, நடுராத்திரியானாலும், மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. முதல் சில மணி நேரத்தில் சோடா உப்பும் மருந்தும் கொடுத்து, தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளி வெளியே போட்டு, நல்ல மாட்டின் வயிற்றுச் சாற்றை உள்ளே ஊற்றிக்கூடக் காப்பாற்றியிருக்கிறோம். சோடா எவ்வளவு என்பதை மருத்துவரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ளட்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு மூங்கில் குழாயில் எதையும் புகட்டவே கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆடும் இதே கதைதான். குதிரையும் யானையும் வேறு. அவை நம்மைப்போல முதலில் தாம் தின்றுவிட்டுப் பின்குடலில் நுண்ணுயிர்களுக்குக் கொடுப்பவை. முதுமலைப் பக்கம் போனால் யானை லத்தியை உடைத்துப் பாருங்கள், குச்சியும் நாரும் முழுசாகக் கிடக்கும். தின்றதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை. மாட்டுச் சாணியில் அப்படி எதையும் பார்க்க முடியாது.

கன்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. பிறந்த கன்றுக்கு அசையூண் வயிறு பெயருக்குத்தான் இருக்கும். குடிக்கும் பால் ஒரு மடிப்பு வழியாக நேராக நான்காவது அறைக்குப் போய்விடும். அந்த வயதில் கன்றும் நம்மைப் போலத்தான். ஒன்றரை மாதத்தில் மாறத் தொடங்கியிருக்கும். பாலை நிறுத்திவிடாதீர்கள், வெதுவெதுப்பாக, வேளை தவறாமல் கொடுங்கள். கூடவே கன்றுத் தீவனம் ஒரு பிடி. தாயைக் கொன்ற அதே தானிய மாவு, இந்த வயதில் இந்த அளவில், வயிற்றுச் சுவரில் அந்தத் துவாலைச் சொரசொரப்பை வளர்க்கும். இளம்புல்லும் நல்ல தண்ணீரும் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். வயிற்றுக் கூட்டம் கன்றுக்குத் தாய் நக்குவதிலிருந்தும், மற்ற மாடுகள் வாய் வைத்த தீவனத்திலிருந்தும்தான் வந்து சேரும். உங்கள் கன்றுக்குத் தாய் இல்லை. பக்கத்து வீட்டில் நோயில்லாத பசு இருந்தால் பகலில் அதன் அருகே கட்டிவையுங்கள், அதன் தொட்டியில் இதுவும் வாய் வைக்கட்டும். பிறகு மதிய வேளையில் கன்று படுத்திருக்கும்போது தாடையைக் கவனியுங்கள். கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறும், வாய் பக்கவாட்டில் அசையத் தொடங்கும். அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.